ஆளில்லாத டோலக்

தங்கரத்தினம் அண்ணன் வீட்டுக்குள் வந்தும் கதிரையில் உட்காராமல் நின்றார். அதைக் கண்டதுமே ஏதோ சரியில்லை என்று சரீபுக்கு விளங்கியது. ஒவ்வொரு வருடமும் வைகாசி பிறக்கும் முன்னர் அந்த மனிதர் இப்படி வருவார். வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சரீபின் மனைவி றம்ஸியா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்து, வாய்க்கால் தண்ணீர், யானை, நெல் விலை என்று ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வைப்பார். நாவற்சேனை அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாள் கச்சேரிக்கு வைக்கிற வெற்றிலை அது. இந்த முறை வெற்றிலையைக் காணவில்லை. ஒரு பையில் வெள்ளரிப்பழம் மட்டும் இருந்தது.

"இரிங்க அண்ணன்" என்றான் சரீப்.

"இல்ல தம்பி. நிண்டபடியே சொல்லிப்போட்டுப் போறன். இருந்திட்டனெண்டா எனக்குச் சொல்ல வராது."

சரீபின் வீடு நிந்தவூரின் மேற்கு ஓரத்தில், வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. அவன் டோலக் வாசிக்கிறவன். அதைத் தவிர வேறு தொழில் பார்த்ததில்லை. காரைதீவுப் பவிதரன் ஓர்கன் வாசிப்பான், பவிதரனின் மகள் கஜேந்தினி பாடுவாள், கிற்றாருக்கு ஒருவன், டோலக்குக்குச் சரீப். இந்த நால்வரும்தான் இசைக்குழு. வயலுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த நாவற்சேனையில் இவர்கள் வாசிக்காத சடங்கு கிடையாது. தங்கரத்தினம் அந்தக் கோயில் நிர்வாகசபையின் தலைவர்.

விசயம் சரீபுக்குத் தெரியாததல்ல. போன கிழமை பிரதான வீதிச் சந்தி ஒன்றில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மோதிக்கொண்டன. ஒன்றில் வந்தவன் தமிழ்ப் பொடியன், மற்றதில் வந்தவன் முஸ்லிம் பொடியன். இருவருமே இந்த இரண்டு ஊரையும் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் பின்னேரம் ஆவதற்குள் கடைக் கண்ணாடிகள் உடைந்தன, ஒரு ஓட்டோ எரிந்தது. நடந்ததை விட நடக்காததுதான் போன்களில் அதிகம் ஓடியது. இப்போது வீதி நெடுகப் பொலிசார் நின்றார்கள்.

"எங்கட ஊரில பெரியாக்கள் ஒருத்தரும் உன்னைப் பற்றி ஒண்டும் சொல்லல்ல தம்பி. பொடியனுகள்தான். குடிச்சுப்போட்டு வந்து மேடைக்கு முன்னால நிப்பானுகள். ஆரும் ஒருத்தன் ஒரு கல்ல எறிஞ்சானெண்டா நான் இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது?" தங்கரத்தினம் றம்ஸியாவைக் காட்டினார். "இந்த வருசம் மட்டும் விட்டிடு."

"அப்ப கச்சேரி?"

"பவிதரன் வருவான். அவன் எங்கட ஆள்தானே."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது சுட்டிருக்க வேண்டும். வெள்ளரிப்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு மேடை போனால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். விசயம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நாவற்சேனைச் சடங்குக்குச் சுற்றிவர உள்ள எல்லாக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே ஒரு குழு எடுபட்டால், பாட்டு முடிவதற்குள் மேடைக்குப் பின்னால் வரிசை நிற்கும். இன்னொரு கோயில்காரர், கலியாணத்துக்குத் திகதி குறித்த தகப்பன், மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்காரர், பரிசளிப்பு விழா வைக்கப்போகிற ஆசிரியர், சித்திரை விளையாட்டு விழா நடத்துகிற கழகப் பொடியன்கள். எல்லாரும் வந்து திகதி கேட்பார்கள். முஸ்லிம் ஊர்ப் பெருநாள் சந்தைகளுக்குக் கூட ஆள் பிடிக்கிறவர்கள் வந்து ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவது உண்டு. வரப்போகிற வருடம் முழுவதும் சரீபின் அடுப்பு எரியுமா எரியாதா என்பதை அந்த ஓர் இரவுதான் தீர்மானித்தது. கொரோனாக் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது அவன் வீட்டில் பட்ட பாடு இன்னும் றம்ஸியாவின் காதில் தெரிந்தது. அப்போது விற்ற தோடு திரும்பி வரவேயில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற முகம்மது தம்பி தோளில் கை போட்டார். அவருக்குச் சீமெந்துக்கல் அறுக்கிற வாடி இருந்தது. பள்ளிவாசலில் அவர் சொல்லுக்கு ஒரு மரியாதையும் இருந்தது.

"கேள்விப்பட்டன். நல்லதுக்குத்தான் சரீப். அவங்களாச் சொல்லாட்டி நாங்களே உங்களுக்குச் சொல்ற எண்டுதான் இரிந்த. இந்த நேரத்துல அங்க போய்க் கொட்டடிச்சா நம்மட ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"எனக்கு அதுதானே காக்கா தொழில்."

"வாடிக்கு வாங்க. நாளைக்கே வாங்க. கையும் காலும் நல்லாத்தானே இரிக்கி."

இரண்டு பக்கமும் அன்பாகத்தான் பேசின. ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியாவது மனதை ஆற்றியிருப்பான்.

சடங்கின் கடைசி நாள் வந்தது. சரீப் இரவு இஷா தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் நின்றான். காற்று மேற்கிலிருந்து வீசியது. வயலுக்கு மேலாகக் கோயில் வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. அறிவிப்பாளர் கலைஞர்களை அறிமுகம் செய்வது துண்டு துண்டாகக் கேட்டது. ஓர்கன் பவிதரன். பாடகி செல்வி கஜேந்தினி. கிற்றார்க்காரனின் பெயர். "மற்றும் கலைஞர்கள்" என்று ஒரு சொல். பிறகு பாட்டு தொடங்கியது.

டோலக் சத்தம் வந்தது.

யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அவன் காதைக் கூர்மையாக்கினான். பாண்டிருப்புப் பக்கம் ஒருவன் இருந்தான், அவனாக இருக்கும். இல்லை, அவனுக்கு இவ்வளவு வேகம் வராது. நாலாவது சுற்றின் முடிவில் இடது கையின் கடைசி அடி கொஞ்சம் அமுங்கி விழுந்தது. அடுத்த நாலாவது சுற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி அமுங்கியது. சரீப் தன் இடது சின்னவிரலைத் தடவிப் பார்த்தான்.

லொக்டவுன் காலத்தில் பவிதரனுக்குப் பேஸ்புக்கில் நேரடியாகப் பாட்டு வைக்கிற யோசனை வந்தது. ஊரடங்குக்குள் ஊர் தாண்டிச் சரீப் அடிக்கடி வர முடியாது என்பதால், ஒரே நாளில் அவனை அறைக்குள் இருத்தி எல்லா அடிகளையும் பதிவு செய்து ஓர்கனுக்குள் ஏற்றிக்கொண்டான். அன்று சரீபின் இடது சின்னவிரலில் மீன் வெட்டிய காயம். பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தப் பிளாஸ்டர் விரல்தான் இப்போது வயலுக்கு அங்கால் விழுந்துகொண்டிருந்தது.

றம்ஸியா தையல் மெசினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். இருபது வருடம் அவனுடைய அடியைக் கேட்டவள் அவள்.

"இஞ்ச பாருங்க, நீங்க இஞ்ச நிக்கிறீங்க. அங்க அடிக்கிறது ஆரு?"

"நான்தான்" என்றான் சரீப்.

அடுத்த நாள் காலை காரைதீவுக்குப் போனான். பவிதரன் வீட்டு விறாந்தையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சரீபைக் கண்டதும் எழும்பி நின்றான்.

"மச்சான், நானே வர இருந்தன்."

"கேட்டன்" என்றான் சரீப். "காத்து எங்கட பக்கம்தான் அடிச்ச."

"வேற ஆளைப் போடச் சொன்னாங்க. நான் போடல்ல. உன்ட இடத்தில வேற ஒருத்தனை இருத்த எனக்கு மனம் வரல்ல. உன்ன விட்டுட்டுப் போகல்லடா நான். உன்னையும் கொண்டுதான் போன."

அவன் பொய் சொல்லவில்லை என்று சரீபுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் வலித்தது.

"கொண்டு போனா, பேரச் சொல்லியிரிக்கலாம்தானே. டோலக் சரீப் எண்டு ஒரு வார்த்தை."

பவிதரன் வயரைக் கீழே வைத்தான். "உன்ட பேரச் சொல்லேலாதெண்டுதானே மச்சான் இவ்வளவும்."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த கஜேந்தினி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். "சரீப் மாமா, குடியுங்க" என்றாள். குடித்தான். அவளிடம் மறுப்பது அவனுக்குப் பழக்கமில்லை. அவள் சின்னப் பிள்ளையாக முதன்முதல் மேடையேறிப் பயந்து நின்றபோது, டோலக்கை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தவன் அவன்.

அந்தச் சடங்கு இரவில் நாவற்சேனை மேடையில் வேறொன்றும் நடந்துவிட்டது. அதைச் சரீபும் பவிதரனும் அப்போது யோசிக்கவில்லை. டோலக்காரன் இல்லாமலே டோலக் கேட்கும் என்பதை ஏழெட்டு ஊர்ச்சனம் தங்கள் கண்ணால் கண்டுவிட்டது. மேடைக்குப் பின்னால் வழமை போலத் திகதி கேட்டு வந்தவர்கள், "ஓர்கனும் பிள்ளையும் மட்டும் வந்தாக் காணும்தானே" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆள் குறைந்தால் வேன் சின்னதாகப் போதும், சாப்பாடு குறைவு, மேடையும் சின்னதாக அடிக்கலாம். முதலில் கிற்றார்க்காரனுக்கு வேலை இல்லாமல் போனது. அவன் கட்டாருக்குப் போனான். சந்திப் பிரச்சினை அடங்கி, பொலிசார் வீதியை விட்டுப் போன பிறகும் சரீபுக்கு அழைப்பு வரவில்லை. பயம் போய்விட்டது. ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் பழகிய பழக்கம் போகவில்லை.

அவன் முகம்மது தம்பியின் வாடிக்குப் போனான்.

சீமெந்தும் மணலும் குழைப்பது, அச்சில் போட்டு இடிப்பது, காய்ந்ததைத் தூக்கி அடுக்குவது. முதல் மாதம் விரல் நுனிகள் வெடித்தன. பிறகு தோல் தடித்து, தொட்டால் தெரியாத மாதிரி ஆகியது. மணிக்கட்டு காலையில் வீங்கியிருக்கும், பகலில் வற்றும். டோலக்கை உறை போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தான். றம்ஸியா அபாயா தைத்துக் கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்தாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வீட்டுக்குள் கதைதான் குறைந்துபோனது.

ஒருமுறை கல் ஏற்றிய லொறியோடு பொத்துவிலுக்குப் போனான். உல்லாசப் பயணிகளுக்காக ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்கிவிட்டு வேலியோரம் நின்று தண்ணீர் குடிக்கும்போது, போகிற ஓட்டோ ஒன்றில் அவனுடைய டோலக் கேட்டது. பாட்டு வேறு, பாடுகிறவர் யாரோ, அடி அவனுடையது. பவிதரனிடம் பிறகு போனில் கேட்டான். சிநேகிதன் ஒருவன் பென்ட்ரைவில் கேட்டான், கொடுத்தேன், அவன் யாருக்குக் கொடுத்தானோ தெரியாது என்றான் பவிதரன். கோபிக்கிறதா என்று சரீப் யோசித்தான். யாரோடு கோபிப்பது என்று விளங்காமல் போனை வைத்தான்.

அடுத்த வைகாசிக்கு முன்னர் தங்கரத்தினம் அண்ணன் வந்தார். இந்த முறை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி வரும் முன்னரே வெற்றிலையை எடுத்து வைத்தார்.

"போன வருசம் நான் செய்தது பயத்தில செய்தது தம்பி. அதுக்குப் பிறகு எனக்கு நல்ல நித்திரை இல்ல. இந்த முறை நீ வரவேணும். சபையில கதைச்சுப்போட்டன், ஒருத்தரும் மறுக்கல்ல."

சரீப் வெற்றிலையை எடுத்தான்.

அவர் போன பிறகு றம்ஸியா வந்து அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை வெடிப்புகளில் சீமெந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இந்தக் கையோடயா அடிக்கப் போறீங்க?"

"மேடையில ஏறினா வந்துரும்."

"அடிச்சிப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தான். இரண்டு நாளைக்கு முன்னர், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் டோலக்கை இறக்கினான். மெதுவான அடி வந்தது. வேகமான அடிக்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றன. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒத்திகைக்கு வா என்று பவிதரன் கூப்பிட்டபோதும், "நமக்கென்ன மச்சான் ஒத்திகை" என்று சமாளித்தான்.

கச்சேரி நாளில் பவிதரன் மேடையேறும் முன்னர் அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். "கோவிக்காத. ஓர்கனுக்குள்ள ஏத்தின உன்ட அடி இருக்குதானே, அந்த மெசினையும் ரெடியா வெச்சிருக்கன். உனக்கு ஏலாட்டி ஒரு பாதுகாப்புக்கு."

"எனக்கு ஏலும்."

கூட்டம் போன வருடத்தை விட அதிகம். ஐஸ்கிறீம் வண்டிகள், கச்சான் கடைகள், வளையல் கடைகள். பந்தலுக்கு முன்னால் பாயில் பெண்கள், பின்னால் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி பொடியன்கள். யாரும் கல் எறிகிற முகத்தோடு நிற்கவில்லை. இரண்டு மூன்று பேர் அவனைக் கண்டு கையசைத்தார்கள்.

முதல் பாட்டு வேகமான பாட்டு. தொடக்கம் நன்றாக வந்தது. பல்லவியைத் தாண்டும்போது வலது மணிக்கட்டில் கம்பியால் இழுத்த மாதிரி ஒரு வலி. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அடி பாட்டுக்குப் பின்னால் வரத் தொடங்கியது. கஜேந்தினி பாடியபடியே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற பொடியன்கள் ஆட எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பவிதரன் ஒரு பொத்தானை அழுத்தினான்.

சுத்தமான, வேகமான, நாலு வருடத்துக்கு முந்திய டோலக் சரீபைச் சுற்றி எழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அவன் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. டோலக்கின் தோலில் படாமல் கைகளை அசைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு முடியும் வரைக்கும், அடுத்த பாட்டு முழுவதும் அப்படியே அசைத்தான். ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் தங்கரத்தினம் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். "போன முறை எங்கட மேடையில ஒரு குறை இருந்தது. அது உங்களுக்குத் தெரியும். இண்டைக்கு அந்தக் குறை தீர்ந்திட்டுது. கேட்டீங்கதானே அந்தக் கையின்ட அடிய. நிந்தவூர் சரீப்" என்று சொல்லி, அவனை எழுப்பி முன்னுக்குக் கொண்டுவந்து பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் வயல் வரைக்கும் போயிருக்கும். பாயில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைப்பதையும் சரீப் கண்டான்.

ஒரு வருடமாக அந்தப் பெயரை ஒருதரம் சொல்லிவிட மாட்டார்களா என்று கிடந்தவன் அவன். சொன்ன நேரத்தில் நிலம் பிளந்து தன்னை உள்ளே இழுத்தால் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, பவிதரனின் பக்கம் சாய்ந்தான். "மெசின நிப்பாட்டு."

"மச்சான், சனம் இப்பதான்..."

"நிப்பாட்டுடா."

கஜேந்தினிக்கு அது கேட்டது. அடுத்ததாகப் பாட வைத்திருந்த பாட்டை விட்டுவிட்டு, அம்மன் மேல் ஒரு மெதுவான பாட்டை அவள் தொடங்கினாள். சரீபின் கையைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். அவன் தாமதித்த இடத்தில் தானும் தாமதித்தாள். பொடியன்கள் ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். பெண்கள் நகரவில்லை. பாட்டு ஒழுங்காக வந்து ஒழுங்காக முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வேகப் பாட்டுகளுக்கு மெசின்தான் வாசித்தது. அந்த நேரமெல்லாம் சரீப் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். சிலர் கவனித்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் முதலில் வந்தவர் பக்கத்து ஊர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். பரிசளிப்பு விழாவுக்குத் திகதி கேட்டார். "நீங்களும் மகளும் வந்தாக் காணும் பவிதரன். டோலக்தான் மெசினில இருக்கே."

"நாங்க மூண்டு பேர், சேர்" என்றான் பவிதரன். "மூண்டு பேரெண்டா வருவம்."

ஆசிரியர் சரீபைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார். "அதிபரோட கதைச்சுப்போட்டுச் சொல்றன்" என்று போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேனுக்குள் சரீப் பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தான். காரைதீவுச் சந்தி தெரிந்ததும் பவிதரனிடம் கேட்டான்.

"ஆரைக் கேட்டு அப்பிடிச் சொன்ன?"

"ஏன், பிழையா?"

"உன்ட சோத்தையும் சேத்துக் கொட்டுறதுக்கா நான் வந்த? மெசின் வந்ததுக்குப் பிறகு உனக்காவது தொழில் நடக்குது. அதையும் கெடுத்துக்கொள்ளாத."

"மெசின் உன்ட கைதானேடா."

"என்ட கை இது" என்று சரீப் இருட்டுக்குள் கையை நீட்டினான். "நீ கண்டதானே இது என்ன செய்யுதெண்டு."

பவிதரன் அழுதானா என்று தெரியவில்லை. முன் சீற்றில் இருந்த கஜேந்தினி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஆசிரியர் அழைக்கவில்லை. வேறு யாரோ ஒரு ஓர்கன்காரரைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கிழமையே பவிதரனுக்குத் தம்பிலுவில் பக்கம் ஒரு கலியாண வீடு வந்தது. இரண்டு பேர் மட்டும் வேண்டும் என்றார்கள். அவன் போனில் சரீபைக் கேட்டான்.

"போ" என்றான் சரீப். "மெசினையும் கொண்டு போ. கையாட்ட மட்டும் என்னக் கூப்பிடாத. இதுக்குப் பிறகு ஒரு மேடையிலயும் நான் சும்மா கையாட்ட மாட்டன்."

வாடிக்குப் போய் முகம்மது தம்பியிடம், இனிக் குழைக்கிற வேலை ஏலாது, மணிக்கட்டு போய்க்கொண்டிருக்கிறது என்றான். அவர் கணக்குப்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க உங்களுக்குப் பொன்னாடை போத்தினாங்களாமே."

"ஓம் காக்கா."

அவர் அதற்கு என்ன சொல்வார் என்று சரீப் காத்திருந்தான். குத்திக்காட்டுவார் என்று நினைத்தான். அவர் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு, "நம்மட ஊர்ப் பேரச் சொல்லித்தானே போத்தினாங்க" என்றார். "சரி, லொறியோட போங்க. இறக்குறதுக்குக் கூலியாள் இரிக்கி. நீங்க சரியான இடத்துல இறக்குறானுகளா எண்டு பாத்தாச் சரி."

அன்றிலிருந்து பின்னேரங்களில் விரல்களுக்குத் தேங்காய்நெய் பூசிக்கொண்டு டோலக்கோடு உட்கார்ந்தான். வேகம் திரும்பவில்லை. திரும்பும் என்று நம்புவதையும் மெல்ல மெல்ல விட்டான். நாவற்சேனையில் அந்த மெதுவான பாட்டைக் கேட்ட பெண்களில் ஒருத்தி, ஆடியில் ஆள் அனுப்பி அவனைத் தேடினாள். பேரப்பிள்ளையின் காதுகுத்து, வீட்டு முற்றத்தில் சின்னக் கூட்டம், மேடை இல்லை, சத்தம் கூடினால் பிள்ளை அழும் என்றாள். கஜேந்தினி வந்து பாடினாள். சரீப் வாசித்தான். அங்கே வந்திருந்த இன்னொருத்தி தன் வீட்டுக்குக் கேட்டாள். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக, மேடை இல்லாத கூட்டங்கள் வரத் தொடங்கின. அவற்றை மட்டும் நம்பி ஒரு குடும்பம் சாப்பிட முடியாது. லொறி இருந்ததால் சமாளித்தான்.

பெரிய மேடைகளெல்லாம் பவிதரனுக்குப் போயின. முன்னைப் போல வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சரீப் காரைதீவுக்குப் போவதும், இருவரும் ஒன்றாகச் சோறு சாப்பிடுவதும் நிற்கவில்லை. பவிதரன் மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றிச் சொல்வான். சரீப் லொறிக்காரன் செய்த கூத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். எந்த ஊரில் கச்சேரி, எந்தப் பாட்டு எடுபட்டது என்று பவிதரன் சொல்வதில்லை. சரீபும் கேட்பதில்லை. ஓர்கன் மேல் போட்டிருக்கிற துணியை இருவரும் பார்ப்பார்கள், பிறகு மீன்குழம்பைப் பற்றிக் கதைப்பார்கள்.